யூ.பி.எஸ்.ஸில் லொறி பற்றரி: உவர்மலை வேலை அறை ஒன்றின் மின்காப்பு, இரண்டு அமைப்புகள்

எடுத்துக்கொண்ட இடம் திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டோடு ஒட்டிய வேலை அறை. பாடசாலைக் கேள்வித்தாள், சங்கக் கணக்கறிக்கை, அழைப்பிதழ் என்று தட்டச்சும் பக்க அமைப்பும் ஒரே மேசைக் கணினியில் நடக்கின்றன. தேவை இரண்டு. மின்சாரம் நின்றால் கணினி மூன்று மணித்தியாலம் ஓட வேண்டும். மாறும் கணத்தில் அது அணைந்து எழும்பக் கூடாது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் பழைய யூ.பி.எஸ்.ஸை, அதாவது மின்சாரம் நின்றால் கணினியைச் சில நிமிடம் பற்றரியில் ஓட்டும் பெட்டியை, திறந்து லொறி பற்றரி பூட்டும் பழக்கம் ஊரெல்லாம் பரவியது. அட்டவணை போட்ட வெட்டு பிறகு போய்விட்டது. ஆனால் 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 என்று முழு நாடும் இருண்ட நாட்கள் வந்தன. வாடை மழைக்காலத்தில் கிளை முறிந்து கம்பியில் விழுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. இவை எல்லாவற்றையும் விட ஓசையில்லாமல் தொல்லை தருவது மாலை நேரக் குறை வோல்ற்றேஜ். அது இந்த ஆய்வின் நடுவில் வரும்.

சுமையை அளத்தல்

பவர் சப்ளையின் ஸ்ரிக்கரில் 450 வாற் என்று இருப்பதைப் பார்த்து 450 வாற்றுக்கே பற்றரிக் கணக்குப் போடுபவர்கள் பலர். அந்த எண் அது தரக்கூடிய உச்சம். கணினி உண்மையில் எடுப்பது அதில் கால்வாசிக்கும் குறைவு. சுவர் பிளக்குக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு வாற் மீற்றரைச் செருகி, வழக்கமான வேலையை அரை நாள் செய்துவிட்டுப் பார்த்தால் போதும்.

இங்கே தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத ஐ3 கணினி. சும்மா நிற்கையில் 38 வாற், தட்டச்சில் 48 வாற்றை ஒட்டி, பெரிய பி.டி.எஃப். ஏற்றுமதி செய்யும்போது 95 வாற். 22 அங்குல மொனிற்றர் 19, பைபர் றவுட்டர் 9. ஆகவே வேலைநேரச் சராசரி 76; அதை 80 என்று எடுத்துக்கொள்ளலாம். உச்சம் 123, அது 125. லேசர் பிரிண்டர் இந்தக் கணக்கில் இல்லை. அதன் சூடேற்றும் உருளை ஒரு கணத்தில் 800, 1000 வாற் இழுக்கும்.

80 வாற் மூன்று மணித்தியாலம் என்றால் 240 வாற்-மணி. பற்றரி மின்சாரத்தை 230 வோல்ற்றாக மாற்றும் இன்வேர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 290 வாற்-மணி அளவில் போக வேண்டும். இது பெரிய தொகை அல்ல. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் அமைப்பும் அது நின்ற விதமும்

650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று. உள்ளே இருந்த 12 வோல்ற் 7 ஏ.எச். (அம்பியர்-மணி, பற்றரியின் கொள்ளளவு) பற்றரியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் துளை போட்டு வயரை வெளியே எடுத்து, 100 ஏ.எச். லொறி பற்றரியில் அறைக்காரர்கள் இணைத்திருந்தார்கள். கடதாசியில் கணக்கு அழகாக வரும்: பற்றரியில் பாதி என்றாலும் 50 ஏ.எச்., எடுப்பு 9 அம்பியர், ஐந்து மணித்தியாலம் கிடைக்க வேண்டும்.

ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டியதும் எல்லாம் அணைந்தது. பற்றரியில் இன்னும் 12.3 வோல்ற் இருந்தது, அதாவது பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம். யூ.பி.எஸ். பெட்டியின் மேல்புறம் கை வைக்க முடியாத சூடு. ஆறிய பிறகும் அது எழும்பவில்லை. ட்ரான்ஸ்போமரின் சுற்றைத் தொடர்ச்சி பார்த்தபோது மீற்றர் ஒலிக்கவில்லை.

காரணம் எளியது. இந்த வகை யூ.பி.எஸ். பத்து நிமிடம் ஓடி, கோப்பைச் சேமித்துக் கணினியை மூட நேரம் கொடுப்பதற்காகச் செய்யப்படுவது. பத்து நிமிடத்தில் ட்ரான்ஸ்போமர் முழுதாகச் சூடேறுவதற்குள் பற்றரி தீர்ந்துவிடும் என்பதால் செம்பையும் இரும்பையும் அந்த அளவுக்கே போடுகிறார்கள், காற்றாடியும் வைப்பதில்லை. வெளியே 80 வாற் கொடுக்க உள்ளே 115 வாற் எடுத்தது. மிச்சம் 35 வாற் மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சூடாகவே நின்றது. கடைசியில் சுற்றுக்குள் புதைத்து வைத்திருக்கும் வெப்ப பியூஸ் உருகியது. இது ஒருமுறை போனால் திரும்ப வராத வகை. சிலர் அதை வெட்டி எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தருவார்கள். வீட்டைத் தீயிலிருந்து காக்கும் கடைசிக் காவலை எடுத்துவிடும் வேலை அது. செய்யவே கூடாது.

பெட்டியில் காற்றாடி பூட்டினால் சூடு குறையும், உண்மைதான். ஆனால் மற்றக் குறைகள் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் சார்ஜர் 0.8 அம்பியர் தருவது. மூன்று மணித்தியாலத்தில் எடுத்த 28 ஏ.எச்.ஐத் திருப்பிப் போட அதற்கு ஒன்றரை நாள் வேண்டும். அதற்குள் அடுத்த வெட்டு வந்தால் பற்றரி நிரம்பாமலேயே கிடக்கும். நிரம்பாத ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று இறுகும். ஆறு மாதத்தில் "பற்றரி சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான்.

அடுத்தது துண்டிப்பு வோல்ற்றேஜ். யூ.பி.எஸ். 10.5 வோல்ற்றை ஒட்டித்தான் தன்னை நிறுத்தும். 7 ஏ.எச். பற்றரியிலிருந்து 20 அம்பியர் இழுக்கும்போது அந்த எண் நியாயமானது. 100 ஏ.எச். பற்றரியிலிருந்து 9 அம்பியர் மட்டும் இழுக்கும்போது 10.5 என்பது அடிமட்டம் வரை வழித்தெடுத்ததற்குச் சமம். லொறி பற்றரியோ எஞ்சினைச் சில செக்கன் சுழற்றுவதற்காக மெல்லிய தகடுகளோடு வருவது. அடிமட்டம் வரை சில டசின் தடவை இறங்கினாலே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. சிறிய யூ.பி.எஸ்.களில் பற்றரி முனைகள் 230 வோல்ற் பக்கத்திலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உள்ளே மூடியிருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை. பற்றரியை வெளியே எடுத்து நிலத்தில் வைத்த பிறகு, பிளக் செருகியிருக்கையில் அந்த முனையைத் தொடுவது லைன் வயரைத் தொடுவதாகவே முடியலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஒன்றே அந்த அமைப்பைக் கைவிடப் போதுமான காரணம்.

இரண்டாவது அமைப்பு

பழைய பெட்டியைத் திருத்தும் எண்ணத்தை விட்டு நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எடுத்தார்கள்: பற்றரி, சார்ஜர், இன்வேர்ட்டர், மாற்றும் றிலே (மின்சாரம் போனதும் தானே பக்கம் மாறும் சுவிச்). ஒவ்வொன்றையும் மணிக்கணக்கில் ஓடும் என்றே தெரிவு செய்தது.

பற்றரிக்கு இரண்டு தெரிவு இருந்தது. வீட்டு இன்வேர்ட்டருக்கு விற்கும் 100 ஏ.எச். ரியூபுலர் (குழாய்த் தகடு) ஈயப் பற்றரி நல்ல சரக்கு. மூன்று மணித்தியாலத்துக்கு அதில் கால்வாசிதான் இறங்கும். ஆனால் முப்பது கிலோவை எட்டும், தண்ணீர் பார்க்க வேண்டும், சார்ஜாகும்போது ஐதரசன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஐதரசன் பற்றக்கூடியது. ஆகவே மூடிய அலுமாரிக்குள் வைக்க முடியாது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. சீற் கூரை அறையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் 35 பாகை சாதாரணம். இங்கே அறை சின்னது, யன்னல் ஒன்றுதான். ஆகவே லிதியம் இரும்புப் பொசுபேற்றுக்குப் போனார்கள்: 3.2 வோல்ற் 50 ஏ.எச். செல் நான்கு, தொடராக 12.8 வோல்ற், 640 வாற்-மணி, ஐந்தாறு கிலோ. விறாந்தையும் காற்றோட்டமும் உள்ள வீட்டுக்கு ரியூபுலரே போதும். லிதியம் என்ற பெயருக்காக மாற்றத் தேவையில்லை.

செல் வாங்கும்போது பார்க்க வேண்டியது விலையை அல்ல. மேலே அச்சிட்ட குறியீடு சுரண்டப்பட்டிருந்தால், முனையில் பழைய வெல்டிங் தடம் இருந்தால், வயிறு உப்பியிருந்தால் அது எங்கோ ஓடித் தேய்ந்த சரக்கு. நான்கின் வோல்ற்றேஜும் ஒன்றுக்கொன்று சில மில்லிவோல்ற்றுக்குள் இருக்க வேண்டும்.

தொடராக இணைக்குமுன் நான்கையும் ஒரே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். இதைத் தவிர்த்தால், ஒரு செல் முதலில் நிரம்பி, செல்களைக் கண்காணித்துத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை சார்ஜை நிறுத்திவிடும், மற்ற மூன்றும் அரைகுறையில் நிற்கும், 50 ஏ.எச். பற்றரி 40 ஆகத்தான் நடந்துகொள்ளும். முறை இது. முதலில் பாதுகாப்புப் பலகையோடு தொடராகவே இணைத்து, ஏதோ ஒரு செல் 3.65இல் நிறுத்தும் வரை சார்ஜ் செய்யுங்கள். பிறகு கழற்றி, நான்கையும் சமாந்தரமாக இணைத்து, சீராக்கத்தக்க பவர் சப்ளையை இணைக்குமுன்னரே 3.60 வோல்ற்றுக்குச் சரிசெய்து, மின்னோட்டம் ஒரு அம்பியருக்கும் கீழே விழும் வரை விட்டுவிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே சமாந்தரமாகப் போட்டால் 200 ஏ.எச். தொட்டியை 10 அம்பியரில் நிரப்பும் வேலையாகும். பொறுமை போய் வோல்ற்றேஜைக் கூட்டத் தோன்றும். செல்கள் வீங்குவது அங்கேதான்.

பாதுகாப்புப் பலகையின் மெல்லிய வயர்களைச் செருகுமுன் கனெக்டரின் ஒவ்வொரு முனையையும் மீற்றரால் பார்க்க வேண்டும். கறுப்பிலிருந்து வரிசையாக 3.3, 6.6, 9.9, 13.2 என்று ஏறிப் போக வேண்டும். ஒரு இடம் மாறியிருந்தால் செருகிய கணத்திலேயே பலகை புகையும். பிரதான கறுப்பு வயர் செல்லிலிருந்து பலகைக்கு. பலகையின் மறுமுனையிலிருந்து சுமைக்கு. சுமையின் கறுப்பைத் தவறுதலாக செல்லிலேயே இணைத்தால் எல்லாம் ஓடும், ஆனால் பாதுகாப்பு எதுவும் இருக்காது. பார்வைக்குத் தெரியாத பிழை இது.

நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 40 அம்பியர் பியூஸ், கார் ஓடியோ பூட்டும் கடைகளில் கிடைக்கும் ஏ.என்.எல். வகை. இந்தச் செல்கள் முனைக்கு முனை முட்டினால் ஆயிரக்கணக்கான அம்பியர் கொடுக்கும். பியூஸை இன்வேர்ட்டர் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயர் முழுதும் காவலின்றிக் கிடக்கும். வயர் 10 சதுர மில்லிமீற்றர், போக ஒரு மீற்றர் வர ஒரு மீற்றர். உச்சத்தில் ஓடும் 12 அம்பியருக்கு இழப்பு 0.04 வோல்ற்றுதான், 40 அம்பியர் பியூஸ் உருகும் வரை வயர் தாங்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தடிப்பு.

இன்வேர்ட்டர் 12 வோல்ற், 500 வாற், தூய சைன் அலை (சுவர் மின்சாரத்தைப் போன்ற அலை). சும்மா நிற்கையில் 8 வாற் தின்கிறது. 80 வாற் சுமையில் பற்றரிப் பக்கம் 96 வாற். இதை முதல்முறை பற்றரியில் தொடுக்கும்போது பளிச்சென்று தீப்பொறி பறந்து பாதுகாப்புப் பலகை தன்னை மூடிக்கொள்ளும். "இன்வேர்ட்டர் பழுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிற்றர்கள் வெறுமையாக இருப்பதால் அந்தக் கணம் குறுஞ்சுற்றுப் போலவே தெரியும். 47 ஓம், 10 வாற் தடையொன்றை நேர் வயரின் நடுவில் மூன்று நான்கு செக்கன் பிடித்துவிட்டு, பிறகு நேராக இணைத்தால் பொறியும் இல்லை, பலகை மூடுவதும் இல்லை.

சார்ஜர் 10 அம்பியர், 14.2 வோல்ற்றில் நிரப்பி 13.5இல் மிதக்கவிடும்படி சரிசெய்தது. 14.6 வரை போகலாம் என்று செல்காரர் சொல்வார். கடைசி 0.4 வோல்ற்றில் கிடைக்கும் கொள்ளளவு அற்பம், தேய்மானம் அதிகம். ஈயப் பற்றரிச் சார்ஜரை அப்படியே போடக் கூடாது. அதில் சல்பேற்று நீக்கும் கட்டம் இருந்தால் 15 வோல்ற்றுக்கு மேல் ஏறும். பாதுகாப்புப் பலகை பற்றரியைத் துண்டிக்கும். அப்போது தாங்க ஆளில்லாத அந்த வோல்ற்றேஜ் இன்வேர்ட்டரில் போய் விழும்.

மாற்றும் பகுதி

230 வோல்ற் ஏ.சி. சுருள் கொண்ட இரட்டை முனை றிலே, 10 அம்பியர் தொடுகை, அடிச்சொக்கெற்றோடு. பொது முனைகள் இரண்டும் கணினியின் பிளக் பட்டிக்கு. சுருளில் மின் இருக்கும்போது மூடும் முனைகளில் சுவர் மின்சாரம். மின் இல்லாதபோது மூடும் முனைகளில் இன்வேர்ட்டர். லைன், நியூட்ரல் இரண்டும் மாற வேண்டும். நியூட்ரலைப் பொதுவாக விட்டால் இன்வேர்ட்டரின் ஒரு கால் எந்நேரமும் வீட்டு வயரிங்கோடு ஒட்டியிருக்கும். எர்த் மட்டும் மாறாமல் நேராகப் போகும்.

சுருளைச் சுவர் மின்சாரத்தில் நேராக இணைக்காமல் நடுவில் ஒரு பிரிட்ஜ் கார்ட் (குளிர்சாதனப் பெட்டியைக் காக்க விற்கும் கருவி) வைத்ததுதான் இந்த அமைப்பின் மலிவான கெட்டித்தனம். மின்சாரம் வந்து வந்து போகும்போது அது மூன்று நிமிடம் பொறுத்துத்தான் சுருளுக்கு விடும். வோல்ற்றேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானே துண்டிக்கும். கணினி அதுவரை பற்றரியில் நிம்மதியாக ஓடும். ரைமர் றிலே, வோல்ற்றேஜ் றிலே என்று தனித்தனியாகத் தேடி அலையத் தேவையில்லை.

இன்வேர்ட்டர் வெளியீட்டில் ரெஸ்ரர் வைத்தால் இரண்டு ஓட்டையிலும் எரியும். பழுதல்ல, அதன் இரண்டு காலும் எர்த்திலிருந்து பிரிந்து நிற்கின்றன. இதைச் "சரிசெய்ய" ஒரு காலை எர்த்தில் கட்டினால் மலிவு வகைகள் பல அந்த இடத்திலேயே போய்விடும். கையேடு சொன்னாலொழியக் கட்டக் கூடாது. ட்றிப் சுவிச்சும் இந்தப் பக்கத்தில் காவல் தராது. ஆகவே இந்த மின்சாரம் ஒரே ஒரு பிளக் பட்டியைத் தாண்டக் கூடாது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சொக்கெற்றுக்குள் இன்வேர்ட்டரைச் செலுத்துபவர்களும் இருக்கிறார்கள். மெயின் சுவிச்சை மறந்தால் தெருக் கம்பியில் வேலை செய்பவருக்கு உயிராபத்து. 230 வோல்ற் பக்கத்து வேலை முழுவதையும் உரிமம் உள்ள மின் வேலைக்காரரிடம் கொடுத்ததில் எந்த இழுக்கும் இல்லை. பழைய வட்டத் துளைச் சொக்கெற் உள்ள வீடுகளில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் அவர் அப்போதே பார்த்துவிடுவார்.

காலையில் தேறியது, மாலையில் விழுந்தது

சோதனைச் சுமையாக முதலில் 60 வாற் குண்டு பல்பு, பிறகு முக்கிய கோப்பு இல்லாமல் யூ.எஸ்.பி.யிலிருந்து நினைவகச் சோதனை ஓடும் கணினி. காலை பத்து மணிக்கு இருபது தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருமுறையும் விழவில்லை. அன்று மாலை ஏழரைக்கு, யாரும் எதையும் தொடாமலே, பி.டி.எஃப். ஏற்றுமதியின் நடுவில் கணினி அணைந்து எழும்பியது. மறுநாள் மாலையும் அதே. பகலில் எத்தனை தடவை பிடுங்கினாலும் நிற்கிறது.

இன்வேர்ட்டரைச் சந்தேகிப்பது இயல்பு. பிழை அங்கே இல்லை. சுவரில் மீற்றர் வைத்தபோது பகலில் 228 காட்டியது மாலையில் 200, சில கணம் 190. விதிப்படி 230 வோல்ற்றிலிருந்து 6 சதவீதத்துக்குள், அதாவது 216க்குக் குறையாமல் இருக்க வேண்டும். நீண்ட கிளைக் கம்பியின் கடைசி வீடுகளில் எல்லாரும் சமைத்து, காற்றாடி போட்டு, தண்ணீர் மோட்டர் விடும் நேரத்தில் இப்படித்தான் இறங்கும். 190ஐத் தொட்டதும் பிரிட்ஜ் கார்ட் சுருளை விட்டது. றிலே மாற அதன் தரவுத்தாளின்படி 20 மில்லிசெக்கன் வரை எடுக்கும். அந்த இடைவெளியைப் பவர் சப்ளைக்குள் இருக்கும் கப்பாசிற்றர்தான் தாங்க வேண்டும்.

இந்தக் கணினியில் இருந்தது மலிவான பவர் சப்ளை. பின்னால் 115/230 என்று சிவப்புச் சுவிச் உள்ள வகை. அந்தச் சுவிச் இருந்தால் பெரும்பாலும் உள்ளே பி.எஃப்.சி. சுற்று, அதாவது சுவர் வோல்ற்றேஜ் எதுவானாலும் உள் வோல்ற்றேஜை உயர்த்தி ஒரே மட்டத்தில் வைக்கும் சுற்று, இல்லை என்று பொருள். இவ்வகையில் கப்பாசிற்றர் சுவர் வோல்ற்றேஜின் உச்சிவரைதான் நிரம்பும். 330 மைக்ரோபாரட் இரண்டு தொடராக, 165. உள்ளே 250 வோல்ற்றுக்குக் கீழே போனால் நின்றுவிடும் என்று வைத்துக் கணக்குப் போட்டால்: 230இல் உச்சி 325, கையிருப்புச் சக்தி 3.6 யூல், 95 வாற் வேலையை 37 மில்லிசெக்கன் தாங்கும். 190இல் உச்சி 269, கையிருப்பு 0.8 யூல், அதே வேலையை 8 மில்லிசெக்கன்தான் தாங்கும். வோல்ற்றேஜ் இறங்கியது ஆறில் ஒன்று, தாங்கும் நேரம் நாலில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. தட்டச்சு மட்டும் நடந்தால் 48 வாற்றில் அது 17 மில்லிசெக்கன். சில நேரம் தப்பும், சில நேரம் விழும். காலையில் செய்த சோதனை தேறியதற்கும் மாலையில் விழுந்ததற்கும் இவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் கையில் எடுத்த பரிகாரம் கார்ட்டின் எல்லையை 200க்கு உயர்த்துவது. கணக்கின்படி அது தாங்கும் நேரத்தை 15 மில்லிசெக்கனாக்கும், இன்னும் போதாது. அத்தோடு மாலை முழுவதும் கணினி பற்றரியில் ஓடி, உண்மையான வெட்டு வரும்போது பற்றரி இறங்கிக் கிடந்தது.

சரியான பரிகாரம் பி.எஃப்.சி. உள்ள பவர் சப்ளை. அதன் உள் வோல்ற்றேஜ் சுவரில் 190 இருந்தாலும் 230 இருந்தாலும் 380ஐ ஒட்டி நிற்கும். 220 மைக்ரோபாரட், 300 வரை இறங்கலாம் என்றால் 6 யூல். 95 வாற்றுக்கு 60 மில்லிசெக்கனுக்கு மேல். 100 முதல் 240 வோல்ற் வரை ஏற்கும் சப்ளை என்பதால் கார்ட்டின் எல்லையை 180க்கு இறக்கிவிடவும் முடிந்தது. மாலையில் வீணாகப் பற்றரி போவது நின்றது. இந்த வகைச் சப்ளைகள் மலிவு இன்வேர்ட்டர்கள் தரும் படிப்படியான சதுர அலையில் முரண்டு பிடிக்கக்கூடியவை. தூய சைன் இன்வேர்ட்டருக்குக் கொடுத்த கூடுதல் காசு இங்கேதான் கைகொடுத்தது.

றிலேயே வேண்டாம், கணினியை எந்நேரமும் இன்வேர்ட்டரிலேயே ஓடவிட்டு சார்ஜரால் நிரப்பிக்கொண்டிருக்கலாம் என்ற யோசனையும் வந்தது. இடைவெளி பூச்சியம், உண்மை. ஆனால் 80 வாற் வேலைக்குச் சுவரிலிருந்து 109 வாற் போகும். பத்து மணித்தியால வேலை நாளுக்கு மாதம் 9 யூனிற் அளவில் கூடும். 10 அம்பியர் சார்ஜரில் பெரும்பகுதி சுமைக்கே போய் பற்றரி மெதுவாகத்தான் ஏறும். இன்வேர்ட்டர் நின்றால் கரண்ட் இருக்கும்போதே கணினி நிற்கும். ஒரு கணினிக்கு இது மிகை.

ஓட்ட நேரமும் தானாக மூடுவதும்

முழுச் சார்ஜிலிருந்து 80 வாற் சுமையில் 12.0 வோல்ற் வரை விட்டபோது ஆறு மணித்தியாலத்தை ஒட்டி ஓடியது. கேட்டது மூன்று. மிச்சம் செல் தேய்வதற்கும், காலையும் மாலையுமாக இரண்டு வெட்டு வரும் நாளுக்கும்.

இந்த வகைப் பற்றரியில் வோல்ற்றேஜைப் பார்த்து மிச்சம் சொல்ல முடியாது. முக்கால் இருக்கும்போதும் 13.2க்குக் கிட்ட, கால்வாசி இருக்கும்போதும் 13.0க்குக் கிட்ட நிற்கும்; கடைசியில் மளமளவென்று விழும். போய்வரும் மின்னோட்டத்தை ஷண்ட் என்ற சிறு தடையால் அளந்து கூட்டும் ஏ.எச். மீற்றர்தான் நம்பத்தக்கது. தானாக மூடுவதற்கு மட்டும் வோல்ற்றேஜ் போதும்: 47 கிலோஓம், 10 கிலோஓம் பிரிப்பான் வழியாக ஒரு ஆர்டுயினோ (சிறு நிரற்பலகை) பற்றரியைப் பார்த்து, 12.5க்குக் கீழே முப்பது செக்கன் தொடர்ந்து நின்றால் யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குச் சொல்லும். அங்கே ஒரு சின்ன நிரல் கோப்புகளைச் சேமிக்கும்படி எச்சரித்துவிட்டு மூடும். முப்பது செக்கன் பொறுப்பது ஒரு கணச் சரிவுக்கெல்லாம் மூடாமலிருக்க.

றவுட்டரைப் பட்டியில் செருகாமல், பற்றரியிலிருந்தே 12 வோல்ற் சீராக்கும் மொடியூல் வழியாகக் கொடுத்தார்கள். நேராகக் கொடுத்தால் சார்ஜ் நேரத்தில் 14.2 போய்ச் சேரும். எல்லா றவுட்டரும் அதைப் பொறுக்காது.

உப்பும் சூடும்

பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர் என்று செல்லின் தாளில் எழுதியிருப்பதைத் திருகோணமலையில் படித்துச் சிரித்துவிட்டு விடலாம். மேல் எல்லைதான் இங்கே பொருட்டு. பல செல்களுக்குச் சார்ஜ் செய்ய 45 பாகை வரை. அறை 35, இன்வேர்ட்டரின் காற்றாடி சூட்டைப் பற்றரி மேல் ஊதினால் இன்னும் ஐந்தாறு கூடும். ஆகவே பற்றரி கீழ்த் தட்டில், இன்வேர்ட்டர் மேலே, இரண்டுக்கும் நடுவில் பலகை. காற்றாடி இழுக்கும் பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

உப்புக் காற்று சூட்டை விடப் பொறுமையானது. முதலில் லக்கின் (வயர் முனையில் நசுக்கிப் பூட்டும் உலோக வளையம்) விளிம்பில் பச்சை படியும். தொடுகைத் தடை ஏறும். சுமை கூடும்போது அந்த ஒரு முனை மட்டும் சுடும். வெள்ளீயம் பூசிய செம்பு லக், சரியான கருவியால் நசுக்கியது, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய், நட்டு இறுக்கிய பிறகு மேலே மெல்லிய வாசலின் பூச்சு. பூச்சு இறுக்கிய பிறகுதான். தொடும் முகங்களுக்கு நடுவில் அல்ல. குறட்டால் நசுக்கிய லக் மூன்று மாதம் நன்றாகவே இருக்கும். கடலைப் பார்த்த யன்னல் என்றால் அதற்கும் முன்னமே காட்டிக் கொடுத்துவிடும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை கொஞ்சந்தான். சுமை ஓடி அரை மணித்தியாலம் ஆனதும் ஒவ்வொரு முனையையும் கிட்டக் கை கொண்டுபோய்ப் பார்ப்பது. ஒன்று மற்றதை விடச் சுட்டால் மின்சாரத்தை நிறுத்திக் கழற்றித் துடைத்து இறுக்குவது. சார்ஜ் முடிவில் நான்கு செல்லையும் அளப்பது, 0.1 வோல்ற்றுக்கு மேல் பிரிந்து நின்றால் மறுபடி சமன் செய்யும் காலம். இன்வேர்ட்டரின் காற்றாடியைப் பெயின்ற் தூரிகையால் தட்டுவது. மாலை ஏழரைக்கு ஒருமுறை, பெரிய கோப்பொன்று ஏற்றுமதியாகும் நேரத்தில், பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது.

லேசர் பிரிண்டரின் பிளக்கை வேறு நிறத்தில் சுற்றிவைத்து, சுவரிலேயே தனிச் சொக்கெற்றில் விட்டிருக்கிறார்கள். பட்டியில் யாராவது செருகினால் இன்வேர்ட்டர் மிகைச்சுமை என்று தன்னை மூடும். கணினியும் சேர்ந்து போகும். வெட்டு நேரத்தில் அச்சடித்தே ஆக வேண்டுமானால் 15, 20 வாற்றில் ஓடும் இங்க் பிரிண்டரைப் பட்டியில் செருகலாம்; ஓட்ட நேரத்தில் ஒரு மணித்தியாலம் குறையும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.